மூன்று டிகிரி என்று யார் சொன்னது?

டிசம்பர் பிறந்தால் ஓசூர் வட்டார ரோஜாத் தோட்டங்களில் கவாத்து வேலை மும்முரமாகிவிடும். அப்போது வெட்டிவிட்ட கிளை ஏறக்குறைய ஐம்பது நாளில் மொட்டோடு நிற்கும். ஜனவரி கடைசியில் அறுவடை சூடுபிடித்தால்தான் பிப்ரவரி 14-க்கு முன்னால் சிங்கப்பூர், வளைகுடா, ஐரோப்பா என்று பூ போய்ச் சேரும். பாகலூர், பேரிகை, தளி பக்கமெல்லாம் பாலிஹவுஸ்கள் பெருகியதற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தின் இதமான காற்று ஒரு காரணம். கையெட்டும் தூரத்தில் பெங்களூரு இருப்பது இன்னொரு காரணம். தமிழக அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக டான்ஃப்ளோரா பூங்கா அமுதகொண்டப்பள்ளியில் அமைந்ததும் இந்தக் கணக்கில்தான். தளியில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மகத்துவ மையம் வந்ததற்கும் இதுவே பின்னணி.

பூ வளர்ப்பதைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாவை எந்த நாளில் எந்தப் பதத்தில் வெட்ட வேண்டும் என்று கூலிக்கு வருகிற அக்காவே சொல்லிவிடுவார். வெட்டிய பிறகு நடப்பதுதான் கொஞ்சம் மூடுமந்திரம். காலையில் வெட்டிய பூ பக்கெட் தண்ணீரோடு கோல்ட் ரூமுக்குள் போகிறது. சில மணி நேரம் கழித்து வெளியே வந்து, கிரேடிங் முடிந்து, இருபது இருபது தண்டாகக் கட்டப்பட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கப்பட்டு, மறுபடி அதே அறைக்குப் போகிறது. ராத்திரி ரீஃபர் என்கிற குளிரூட்டிய வண்டி வருகிறது. சர்ஜாபூர் வழியாகவோ அத்திப்பள்ளி வழியாகவோ பெங்களூருக்குள் புகுந்து, நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கும் விமான நிலையம்வரை போகவேண்டும். இத்தனைக்கும் நடுவே பூ எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எரியும் டிஸ்ப்ளேவைத்தான் காட்டுவார்கள். 3.0 என்று இருக்கும். எப்போது பார்த்தாலும் மூன்றை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பூவைப் பற்றிய எண்ணே அல்ல. கன்ட்ரோலரின் சென்சார் பெரும்பாலும் எவாப்பரேட்டருக்குப் பின்புறம், அறைக்காற்று திரும்பி வரும் இடத்தில் தொங்கும். அந்தக் காற்றை மூன்றில் நிறுத்துவதுதான் அதன் வேலை. கதவோரம் குவிந்த பெட்டி என்ன நிலையில் இருக்கிறது, சுவரோடு ஒட்டி அடுக்கிய வரிசைக்குள் காற்று நுழைகிறதா, மூடிய அட்டைப்பெட்டியின் நடுவில் இருக்கும் கட்டு எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஏற அரை மணி ஆகி, விடிவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டால், காலையில் வருகிறவர் கண்ணில் படுவது அதே 3.0 தான்.

வெட்டிய பிறகும் ரோஜா மூச்சு விடுகிறது. சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்துச் சூட்டை வெளிவிடுகிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பிந்தைய பூக்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர்கள் ரோஜாவுக்கு உகந்த வெப்பநிலை 0 முதல் 1 டிகிரி என்கிறார்கள். நம் பக்கத்துக் கோல்ட் ரூம்கள் வழக்கமாக 2 முதல் 4 டிகிரியில் ஓடுகின்றன. அதில் பெரிய தப்பில்லை. சூடு ஆறாத பூவைப் பெட்டியில் அடைப்பதுதான் தப்பு. அட்டையும் தாளும் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். பூ தானே சூட்டை உண்டாக்குவதால், அறை மூன்றில் இருந்தாலும் பெட்டியின் நடுப்பகுதி மணிக்கணக்கில் பத்துக்கு மேலேயே நிற்கக்கூடும். பிறகு ஈரம் வேர்த்து, இதழில் பழுப்புப் புள்ளி விழும். பொட்ரைட்டிஸ் என்கிற பூஞ்சைக்கு அது போதும். சரக்கு இறங்கிய ஊரில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் மருந்து அடிக்கவில்லை என்று புகார் வரும்.

இந்த இடத்தில்தான் டேட்டா லாக்கர் வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் கருவி. உள்ளே ஒரு சென்சார், ஒரு கடிகாரம், நினைவகம், காசு பேட்டரி. சொன்ன இடைவெளியில் வெப்பத்தை அளந்து நேரத்தோடு குறித்துக்கொண்டே போகும். கணினியில் செருகினால் கோடாக வரைந்து காட்டும். அவ்வளவுதான்.

ஊசி மருந்து காட்டிய வழி

இந்தியாவில் இந்தக் கருவியைப் பெரிய அளவில் பழக்கியது பூ வியாபாரமும் அல்ல, ஐஸ்கிரீமும் அல்ல. தடுப்பூசித் திட்டம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்று சொல்லப்படும் குளிர்பெட்டி இருக்கும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பதும் விதி. எழுதினார்கள். நோட்டுகளில் நாலு, நாலு, நாலு என்று வரிசையாக நிற்கும். இரண்டு குறிப்புகளுக்கு நடுவே பெட்டி எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது.

2015 முதல் மத்திய சுகாதார அமைச்சகமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து கொண்டுவந்த இ–வின் திட்டத்தில், குளிர்பெட்டிக்குள் சென்சாரும் வெளியே சிம் கார்டு போட்ட லாக்கரும் பொருத்தப்பட்டன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு, மணிக்கு ஒரு முறை சர்வருக்குத் தகவல், எல்லை மீறினால் பொறுப்பாளரின் போனுக்கு எச்சரிக்கை. நாளுக்கு இரண்டாக இருந்த குறிப்பு 144 ஆனது. கெட்டுப்போவது என்றால் சூடாவது என்றே எல்லோரும் நினைப்போம். ஹெபடைடிஸ்–பி, பென்டாவேலன்ட் போன்ற மருந்துகளுக்கு உறைவதுதான் பெரிய எதிரி. ஒரு முறை உறைந்து உருகினால் வீரியம் போய்விடும், பார்வைக்கு எளிதில் தெரியாது. ரோஜாவுக்கும் இதே கதைதான். எவாப்பரேட்டர் ஃபேனுக்கு நேர் எதிரே வைத்த பெட்டியில் இதழ் கருகினாற்போல வந்தால், பூச்சி என்று சொல்வதற்கு முன்னால் அங்கே ஒரு லாக்கரை வைத்துப் பார்ப்பது நல்லது.

எதை வாங்குவது?

கடையில் கேட்டால் முதலில் விலை உயர்ந்ததைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கிளவுட், ஆப், மாதச் சந்தா என்று ஒரு பட்டியல் வரும். ஐந்து ஏக்கர் பாலிஹவுஸும் ஒரு கோல்ட் ரூமும் வைத்திருப்பவருக்கு என் யோசனை இதற்கு நேர்மாறானது. விலை உயர்ந்த ஒன்றை வாங்கி நடுவில் தொங்கவிடுவதைவிட, மலிவான நாலைந்தை வாங்கிச் சரியான இடங்களில் வையுங்கள். எலிடெக் ஆர்.சி–5 போன்ற யு.எஸ்.பி. லாக்கர்கள் மூவாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன, கடைக்குக் கடை விலை மாறும். டெஸ்டோ 174டி அதைவிட விலை கூடுதல், கட்டுமானமும் கொஞ்சம் உறுதி. தாளில் பார்த்தால் இரண்டின் துல்லியமும் அரை டிகிரி கூடக் குறையத்தான். ரோஜாவுக்கு அது தாராளம்.

திரையில் 3.4 என்று புள்ளி வைத்துக் காட்டுவதால் அது துல்லியம் ஆகிவிடாது. அதைச் சோதிக்க ஆய்வகம்கூட வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் உறையவைத்த ஐஸை நொறுக்கி ஒரு பிளாஸ்கில் நிரப்பி, இடுக்கு அடையும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டு, கம்பி சென்சாரைக் கால் மணி நேரம் வையுங்கள். சுழி காட்டவேண்டும். 0.3 காட்டினால் லாக்கரின் முதுகில் அதை மார்க்கரால் எழுதிவையுங்கள், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சென்சார் உள்ளேயே இருக்கும் வகை என்றால் ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு வைக்கவேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சோதிக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். நம் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல லாக்கர்களின் எல்லையே 70 டிகிரி, கருவியே போய்விடும். ஏற்றுமதிக்காரரோ தணிக்கையாளரோ சான்றிதழ் கேட்டால் மட்டும் ஒரே ஒரு லாக்கரை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து வாங்குங்கள். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சென்சார் உள்ளேயே இருக்கிறதா, வயரோடு வெளியே வருகிறதா என்பது விலையைவிட முக்கியம். உள்ளே இருந்தால் பிளாஸ்டிக் கூடு முழுக்கக் குளிர்ந்தால்தான் அளவு மாறும், கால் மணி நேரம்கூடப் பின்தங்கும். பூவின் வெப்பத்தைப் பார்க்க இந்த மந்தம் நல்லதுதான். தடுப்பூசிப் பெட்டிகளில் வேண்டுமென்றே கிளைக்கால் திரவம் நிரப்பிய குப்பிக்குள் சென்சாரை வைப்பதும் இதற்காகவே, கதவு திறந்த அரை நிமிடத்துக்கெல்லாம் பதறக்கூடாது அல்லவா. மிஷினின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வயர் வகைதான் சரி.

ப்ளூடூத் லாக்கர் வாங்குபவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். கோல்ட் ரூமின் சுவரான பஃப் பேனலின் இரண்டு பக்கமும் உலோகத் தகடு. கதவைச் சாத்தியதும் சிக்னல் செத்துவிடும். வைஃபைக்கும் சிம்முக்கும் இதே கதி. கருவி வெளியே இருக்கவேண்டும், கம்பி மட்டும் உள்ளே போகவேண்டும், துளையை ஃபோம் போட்டு அடைக்கவேண்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் மலிவுக் கருவிகளை நம்பிவிடாதீர்கள். பூ அறையில் ஈரம் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேலே நிற்கும். அந்த ஈரத்தில் சில மாதங்களில் அவற்றின் அளவு தடம் மாறிவிடும்.

வீட்டில் பொறியியல் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் மலிவான வழி உண்டு. டி.எஸ்.18பி20 என்ற சென்சார் ஒன்று நூறு இருநூறு ரூபாய்க்குள் வரும். ஈ.எஸ்.பி.32 பலகை சில நூறு ரூபாய். ஒரே வயரில் பல சென்சார்களைக் கோத்துவிடலாம். அசல் சில்லு என்றால் −10 முதல் 85 டிகிரிவரை அரை டிகிரிக்குள் சொல்லும். சந்தையில் போலி ஏராளம், எனவே ஐஸ் சோதனையைத் தவிர்க்க முடியாது. பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம்.

வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை நேரத்தைச் சரிசெய்வது. சீனத்திலிருந்து வரும் கருவி அந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். ராத்திரி பத்தரைக்குக் கதவைத் திறந்துவைத்துச் சரக்கு ஏற்றியது கோட்டில் ஒரு மணிக்கு நடந்ததாகத் தெரியும். வாட்ச்மேன் வீண்பழி சுமப்பார்.

கோடு பேசும் பாஷை

குளிர் மிஷினின் உடல்நிலையைப் பார்க்க இடைவெளியை ஒரு நிமிடமாக வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை என்று வைத்தால், கால் மணிக்கு ஒரு தரம் ஓடி நிற்கும் கம்ப்ரசரின் நடமாட்டம் கோட்டில் விழவே விழாது, வழவழப்பான பொய்க்கோடு ஒன்றுதான் கிடைக்கும். 16,000 பதிவு கொள்ளும் லாக்கர் ஒரு நிமிட இடைவெளியில் 11 நாள் தாங்கும். 32,000 என்றால் 22 நாள். பிறகு பத்து நிமிடத்துக்கு மாற்றிக்கொண்டால் 32,000 பதிவு ஏழு மாதத்துக்கு மேல் வரும்.

நலமாக ஓடும் அறையின் கோடு ரம்பப் பல்லைப் போல இருக்கும். கம்ப்ரசர் ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும். முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள், இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். கோல்ட் ரூம் மிஷினை நாளுக்கு 16 முதல் 18 மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடும். மார்கழி ராத்திரி இரண்டு மணிக்கு, கதவு சாத்தியிருக்க, வெளியே குளிர் நடுக்க, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்று கோடு சொன்னால் ஏதோ சரியில்லை. அறை அப்போதும் மூன்றில்தான் இருக்கும். டிஸ்ப்ளேவுக்கு எந்த வருத்தமும் இராது. கரண்ட் பில்லுக்குத்தான் தெரியும். ஏப்ரல் வந்தால் அறைக்கும் தெரியும்.

நாளுக்கு மூன்று நாலு முறை கோட்டில் ஒரு மேடு எழும். அது டிஃப்ராஸ்ட், எவாப்பரேட்டர் காயிலில் படிந்த பனியை உருக்கும் நேரம். மேடு இருப்பது நல்லது. வாரத்துக்கு வாரம் அது உயர்ந்துகொண்டோ அகன்றுகொண்டோ போனால், பனி முழுக்க உருகாமல் அடுத்த சுற்றுக்கு மிச்சமாகிறது என்று அர்த்தம். ஹீட்டர் போயிருக்கலாம், வடிகால் அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் கிழிந்து ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது லாக்கரின் கம்பியை எங்கே கட்டுவது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் சக்ஷன் குழாயில், தடித்த குழாய் அதுதான், சென்சாரை ஒட்டி வைத்து, மேலே ஃபோம் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். அறை சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "கேஸ் குறைஞ்சிருக்குண்ணா, போட்டுட்டா சரியாப்போயிடும்" என்று சொல்வதே இங்கே வழக்கம். பாதி நேரம் அது உண்மை. கேஸ் குறைந்தாலும் அறை குளிராது, காயிலில் பனி அடைத்தாலோ உள் ஃபேன் நின்றாலோ அப்போதும் குளிராது. அறையின் கோடு இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். சக்ஷன் குழாயில்தான் வித்தியாசம் தெரியும். கேஸ் குறைவு என்றால் குழாய் வழக்கத்தைவிடச் சூடாகும். பனி அடைப்பு என்றால் குழாய் வழக்கத்தைவிடக் குளிர்ந்து, வெண்பனி கம்ப்ரசர்வரை படரும். இரண்டாவது நிலையில் கேஸ் ஏற்றினால் உள்ள கோளாறு கூடும், திரவமாகவே கேஸ் திரும்பி வந்து கம்ப்ரசரின் வால்வைப் பதம் பார்க்கும். குழாயின் இயல்பான வெப்பம் எத்தனை என்று மிஷின் நன்றாக ஓடும் நாட்களில் ஒரு வாரம் பதிந்துவைத்தவருக்கு, இந்த இரண்டையும் பிரித்தறிய இரண்டு நிமிடம் போதும்.

அனல் பறக்கும் டிஸ்சார்ஜ் குழாயில் மட்டும் கட்டவேண்டாம், 70 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். மூன்றாவது கம்பி மிச்சமிருந்தால் காண்டன்சரிலிருந்து வெளியேறும் மெல்லிய குழாயில் கட்டுங்கள், ஒரு லாக்கரை நிழலில் வெளிக்காற்றுக்கு வையுங்கள். குழாய் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருப்பது இயல்பு. அந்த வேறுபாடு மாதத்துக்கு மாதம் கூடினால் காண்டன்சரில் தூசு அடைத்திருக்கிறது. பாலிஹவுஸ் பக்கத்தில் மண்ணும் நாரும் காற்றில் பறக்காத நாள் ஏது? வெறும் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், மெயினை நிறுத்திவிட்டுக் கழுவவேண்டும்.

லாக்கர் அழுத்தத்தை அளக்காது என்பதை மறக்கவேண்டாம். கேஜ் வைத்துப் பார்க்கவேண்டிய வேலை மெக்கானிக்குடையதுதான். கோட்டை அவரிடம் காட்டிப் பேசினால் பேச்சு மாறும். நல்ல மெக்கானிக்குகள் இதை விரும்புவார்கள். விரும்பாதவரை மாற்றிக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

பூவுக்கான லாக்கர் பெட்டிக்குள் போகட்டும். அறையின் வெதுவெதுப்பான மூலை எது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அங்கே அடுக்கும் பெட்டியின் நடுக் கட்டுக்குள் ஒன்றைச் செருகுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் ஒரு முறை மட்டுமே பயன்படும் லாக்கரைப் போடுவது உலகமெங்கும் நடைமுறை. வாங்குபவர் அதைக் கணினியில் செருகினால் பி.டி.எஃப். அறிக்கை வந்துவிடும். கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் வாரக்கணக்கில் போகும் ரோஜாக்களோடும் இப்படிப்பட்ட கருவிகள் பயணம் போகின்றன. நம் சரக்கு விமானத்தில் போகிறது என்றாலும், பாகலூரிலிருந்து தேவனஹள்ளிவரை ஓடும் ரீஃபர் வண்டியின் கதை தெரிய வேண்டுமானால் இதைவிட மலிவான சாட்சி கிடையாது. டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க யூனிட்டை நிறுத்தினாரா, விமான நிலைய வாசலில் காத்திருந்தபோது கதவு திறந்திருந்ததா என்று சண்டை போடாமலே தெரிந்துகொள்ளலாம்.

யு.எஸ்.பி. லாக்கருக்கு ஒரு குறை உண்டு. நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அதனால் நாலு மலிவு லாக்கரோடு, போனுக்குத் தகவல் அனுப்பும் சிம் வகையோ வைஃபை வகையோ ஒன்றே ஒன்று வேண்டும், அதுவும் தனி பேட்டரியோடு. கரண்ட் போனதைச் சொல்லவேண்டிய கருவி கரண்டோடு சேர்ந்து அணைந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? வைஃபை என்றால் ரௌட்டருக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். தேவை. எச்சரிக்கை எல்லையை நாலு டிகிரியில் வைத்தால் ஒவ்வொரு டிஃப்ராஸ்டுக்கும் போன் அலறும், மூன்றாம் நாள் யாராவது அதை மியூட் செய்துவிடுவார்கள். எல்லையை ஆறில் வைத்து, முப்பது நாற்பது நிமிடம் தொடர்ந்து தாண்டினால் மட்டும் அழைக்கும்படி அமைக்கவேண்டும். டிஃப்ராஸ்ட் மேடு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது உங்கள் கோட்டிலேயே இருக்கிறது, அதைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்தால் சரி. அழைப்பு போகவேண்டிய எண் விஷயத்தில் மட்டும் கௌரவம் பார்க்கக்கூடாது. பெங்களூரில் தூங்கிக்கொண்டிருக்கும் முதலாளியின் எண்ணைப் போடுவதுதான் வழக்கம். ஜெனரேட்டர் ரூம் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ, முதலில் அவருடைய எண்ணைப் போடுங்கள்.